அடிக்க வேண்டிய பந்து எது? – டெட் வில்லியம்ஸ் நூலைப் பற்றி ஓர் ஆய்வு

எங்கள் கல்லூரியில் மாணவியர் சாப்ட்பால் அணி ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருத்தி அதில் ஆடுகிறாள். ஒருநாள் மாலை ஆய்வுக்கூட நேரம் முடிந்ததும், கையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்துடன் வந்து நின்றாள்.

"சார், மட்டையை மேலிருந்து கீழ்நோக்கி வெட்டுவதுபோல் வீசு என்று பயிற்சியாளர் சொல்கிறார். இந்தப் புத்தகமோ சற்று மேல்நோக்கி வீசச் சொல்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? அடுத்த மாதம் அணித் தேர்வு இருக்கிறது."

விளையாட்டில் எனக்குப் பெரிய தேர்ச்சி கிடையாது. ஆனால் கேள்வி இயற்பியல் கேள்வி. எனவே புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதைப் படித்தபோது தோன்றியவற்றையும், தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தவற்றையும் இங்கே தருகிறேன்.

நூலும் ஆசிரியரும்

'தி சயன்ஸ் ஆஃப் ஹிட்டிங்' என்பது நூலின் பெயர். அடிப்பதன் அறிவியல் என்று தமிழில் சொல்லலாம். ஜான் அண்டர்வுட் என்ற பத்திரிகையாளரின் துணையுடன் டெட் வில்லியம்ஸ் எழுதியது. 1970களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்காக 1939 முதல் 1960 வரை ஆடியவர் வில்லியம்ஸ். இடையில் இரண்டு போர்களில் விமானியாகவும் பணியாற்றினார். 1941ஆம் ஆண்டில் அவருடைய அடிவிகிதம் .406. அதாவது, கணக்கில் சேரும் ஆயிரம் வாய்ப்புகளுக்கு 406 வீதம் வெற்றிகரமான அடிகள். அவர் ஆடிய அமெரிக்கன் லீகிலும் சரி, நேஷனல் லீகிலும் சரி, அதன் பிறகு ஒரு முழுப் பருவத்தில் எவரும் .400ஐத் தொட்டதில்லை.

பேஸ்பால், சாப்ட்பால் இரண்டும் நம் வாசகர்களில் பலருக்குப் பழக்கமில்லாதவை. ஆகவே ஒரு சிறு விளக்கம். கிரிக்கெட்டில் போல இங்கே பந்து தரையில் பட்டு எழும்புவதில்லை; நேராக வந்து சேர்கிறது. மட்டை உருண்டையானது. மட்டையாளரின் முன் தரையில் 43 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகடு பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு நேர் மேலே, ஏறக்குறைய முழங்காலிலிருந்து மார்பு உயரம் வரை உள்ள இடத்தின் வழியாகப் பந்து சென்றால் அது 'ஸ்ட்ரைக்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் மட்டையாளர் வெளியேற வேண்டும். இந்தப் பரப்புக்கு வெளியே வரும் பந்துகளை அடிக்காமல் விட்டுவிட்டால், அத்தகைய நான்கு பந்துகளுக்குப் பிறகு முதல் தளத்துக்கு இலவசமாக நடந்து போகலாம். ஆகவே அடிப்பது மட்டுமல்ல, அடிக்காமல் விடுவதும் ஆட்டத்தின் பகுதி.

எழுபத்தேழு பந்துகளின் படம்

இந்நூலின் புகழுக்குக் காரணம் ஒரு வண்ணப்படம். வில்லியம்ஸ் மட்டையுடன் நிற்கிறார். அவருக்கு முன்னே ஸ்ட்ரைக் பரப்பு முழுவதையும் பந்துகளால் நிரப்பியிருக்கிறார்கள். குறுக்கே 7, நெடுக்கே 11, ஆக 77 பந்துகள். ஒவ்வொரு பந்தின்மீதும் ஓர் எண். அந்த இடத்துக்கு வரும் பந்துகளை மட்டுமே அடித்தால் தம் அடிவிகிதம் எவ்வளவாக இருக்கும் என்று அவர் மதிப்பிட்டிருக்கிறார். நடுவில் .400. தாழ்வாக, உடலுக்கு அப்பால் விலகிய மூலையில் .230. ஆள் அதே ஆள். மட்டை அதே மட்டை. பந்து வரும் இடம் மாறினால் பலன் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது!

'நல்ல பந்துக்குக் காத்திரு' என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். வில்லியம்ஸே இந்த அறிவுரையை ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி என்ற மூத்த ஆட்டக்காரரிடமிருந்து பெற்றதாகச் சொல்கிறார். அறிவுரையை ஒரு வரைபடமாக மாற்றியதுதான் அவர் செய்த புதுமை. இயற்பியலில் புலம் என்று ஒன்றைப் படிக்கிறோம். வெப்பநிலைப் புலம் என்றால், அறையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெப்பநிலை. வில்லியம்ஸ் வரைந்திருப்பது அத்தகைய ஒரு புலமே. இதை வகுப்பில் காட்டினால் புலம் என்ற கருத்து மாணவர் மனத்தில் உடனே பதியும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு வாதமும் அருமையானது. பரப்புக்கு வெளியே ஒரு கையகலம் கூட இல்லை, இரண்டு அங்குலம்தானே என்று ஆசைப்பட்டு அடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? நாமே கணக்கிடுவோம். பரப்பின் அகலம் 43 செ.மீ., உயரம் 90 செ.மீ. என்று கொண்டால், 3870 சதுர செ.மீ. நான்கு புறமும் 5 செ.மீ. கூட்டினால் 53 × 100 = 5300 சதுர செ.மீ. பந்தெறிபவருக்கு 37 விழுக்காடு கூடுதல் இலக்கை நாமே பரிசாகக் கொடுத்துவிடுகிறோம். பொறுமை என்ற பண்புக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் ஆய்வுக்கூடப் பதிவேட்டைத் திருத்தும் ஆசிரியன் என்ற முறையில் ஒரு குறையையும் சொல்லவேண்டும். படத்திலுள்ள எண்கள் அளந்து எடுத்தவை அல்ல, அனுபவத்தால் மதித்தவை. .230 என்பதில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்ற குறிப்பு இல்லை. அன்றியும், அது இடக்கை மட்டையாளரான ஓர் உயரமான மனிதரின் வரைபடம். மற்றவர்களின் வரைபடம் வேறாக இருக்கும். நூலைப் படிக்கும் இளைஞர்கள் அந்த எண்களை மனப்பாடம் செய்கிறார்கள். தங்களுக்கென ஒன்றை வரைந்துகொள்ளவேண்டும் என்பதை நூல் அழுத்திச் சொல்லவில்லை.

சாப்ட்பாலுக்கு வந்தால் கட்டங்களின் எண்ணிக்கையே மாறிவிடும். பேஸ்பாலின் விட்டம் சுமார் 7.3 செ.மீ.; சாப்ட்பாலின் விட்டம் 9.7 செ.மீ. எனவே 7 பந்து அகலம் 5 பந்தாகவும், 11 பந்து உயரம் 8 பந்தாகவும் குறையும். 77 கட்டங்கள் இருந்த இடத்தில் 40 கட்டங்களே. என் மாணவிக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: "உனக்கு 40 கட்டம் போதும்."

மேல்நோக்கியா, கீழ்நோக்கியா?

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். கீழ்நோக்கி வீசும் முறையை இறங்குவீச்சு என்றும், மேல்நோக்கி வீசுவதை ஏறுவீச்சு என்றும் அழைப்போம். வில்லியம்ஸ் காலத்துப் பயிற்சியாளர்கள் பலர் மட்டமான வீச்சையோ இறங்குவீச்சையோதான் கற்பித்தார்கள். வில்லியம்ஸ் அதை எதிர்த்தார். அவர் காரணம் எளியது. பேஸ்பாலில் எறிபவர் மண்மேட்டின்மீது நின்று தோளுக்கு மேலிருந்து எறிகிறார். பந்து கீழ்நோக்கி இறங்கி வருகிறது. வேகப்பந்து சுமார் 5 அல்லது 6 பாகைச் சாய்வில் தகட்டைக் கடக்கும். வளைபந்து 10 பாகை வரை சாயும். அந்தப் பாதையிலேயே, எதிர்த்திசையில் மட்டையும் வந்தால் இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு அதிகம்.

இதைச் சோதித்துப் பார்ப்போம். பந்து, மட்டை இரண்டும் நொடிக்கு 27 மீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று நோக்கி வருவதாகக் கொள்வோம். மட்டையாளர் நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதித்துவிடுகிறார். அந்த நேரத்தில் பந்து 27 செ.மீ. நகர்ந்துவிடும். இரண்டும் எதிரெதிரே வருவதால், சந்திக்கும் இடம் அதில் பாதி, அதாவது சுமார் 13.5 செ.மீ. பின்னால் தள்ளிப்போகும். பந்து 5 பாகை இறங்கி வருகிறது. மட்டை 10 பாகை இறங்கிப் போகிறது என்றால், அந்த இடத்தில் இரண்டின் உயரமும் சுமார் 3.6 செ.மீ. வேறுபடும். மட்டை பந்தின் மேல்பாதியில் படும். பந்து தரையில் உருளும். மாறாக, மட்டை 5 பாகை ஏறிச் சென்றால் இரண்டு பாதைகளும் ஒரே கோட்டில் அமைகின்றன. அதே தாமதம் நேர்ந்தாலும் உயர வேறுபாடு ஏற்படுவதில்லை. காலத்தில் செய்த பிழையை இடம் மன்னித்துவிடுகிறது.

ஆக, வில்லியம்ஸ் சொன்னதே சரி. 2015 முதல் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் அரங்குகள் அனைத்திலும் ஒவ்வொரு பந்தின் பாதையும் கருவிகளால் அளக்கப்படுகிறது. தரையோடு உருளும் அடிகளைவிடச் சற்று உயர்ந்து செல்லும் அடிகளே அதிகப் பலன் தருகின்றன என்பதை அந்த அளவீடுகள் உறுதிசெய்துள்ளன. கருவி எதுவும் இல்லாத காலத்தில் கண்ணாலும் கையாலும் அறிந்து இதைச் சொன்ன ஆசிரியரைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

நூல் பேசாத பந்து

ஆனால் கேள்வி கேட்டவள் பேஸ்பால் ஆடுபவள் அல்லள். சாப்ட்பாலில் மேடு இல்லை. எறிபவர் கையைக் கீழ்வழியாகச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுகிறார். பெண்கள் ஆட்டத்தில் எறியும் தூரம் 13.1 மீட்டர், பேஸ்பாலில் 18.4 மீட்டர். எறிபவர் முன்னோக்கிக் காலெடுத்து வைப்பதால் பந்து பறக்கும் தூரம் இன்னும் குறைந்து 11 மீட்டர் அளவாகிறது. தேர்ந்த வீராங்கனையின் பந்து மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பறக்கும் நேரம் ஏறத்தாழ 0.4 நொடி. மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் வரும் பேஸ்பாலும் இதைவிடக் குறைந்த நேரத்தில் வந்துவிடுவதில்லை!

பந்து என்ன கோணத்தில் வரும்? தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கைவிட்டுப் புறப்படுவதாகக் கொள்வோம். மார்பருகே 1.1 மீட்டர் உயரத்தில் வந்து சேரவேண்டுமானால், 0.4 நொடியில் ஈர்ப்பினால் விழும் 0.78 மீட்டரையும் ஈடுசெய்து 0.6 மீட்டர் உயரவேண்டும். அதற்குத் தொடக்கத்தில் நொடிக்கு சுமார் 3.5 மீட்டர் மேல்நோக்கிய வேகம் தேவை. 0.4 நொடியில் ஈர்ப்பு அதிலிருந்து 3.9 மீட்டரைக் குறைத்துவிடும். எஞ்சுவது கீழ்நோக்கி நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. சாய்வு 1 பாகை மட்டுமே. பந்துக்குப் பின்சுழற்சி கொடுத்தால் மேக்னஸ் விளைவால் மேல்நோக்கிய விசை உண்டாகிறது. அது எடையில் கால் பங்கைச் சமன்செய்வதாகக் கொண்டால், பந்து ஏறக்குறையக் கிடைமட்டமாகவே வந்து சேரும். இதைத்தான் 'ரைஸ் பால்' என்கிறார்கள். பந்து நடுவழியில் திடீரென்று எழும்புவதாக மட்டையாளர்கள் சொல்வதுண்டு. உண்மையில் அது எழும்புவதில்லை. எதிர்பார்த்த அளவுக்கு விழாமல் வருகிறது; அவ்வளவே.

இதற்கு நேர்மாறானது முழங்கால் உயரத்தில் வரும் இறங்குபந்து. முன்சுழற்சியால் கீழ்நோக்கிய விசை கூடுகிறது. அதையும் எடையில் கால் பங்கு என்று வைத்துக் கணக்கிட்டால் பந்து சுமார் 5 பாகை சாய்ந்து வருகிறது.

இங்கேதான் நூலின் போதாமை புலப்படுகிறது. பந்தின் பாதையோடு மட்டையின் பாதையை ஒன்றாக்கு என்ற கொள்கை சாப்ட்பாலுக்கும் பொருந்தும். ஆனால் விடை ஒன்றல்ல. தாழ்ந்த பந்துக்கு 5 பாகை ஏறுவீச்சு. உயர்ந்த பந்துக்கு ஏறக்குறைய மட்டமான வீச்சு. பேஸ்பால் ஏறுவீச்சை அப்படியே உயர்ந்த பந்துக்குப் பயன்படுத்தினால் மட்டை பந்துக்கு அடியில் புகுந்து வானத்துக்கு அனுப்பிவிடும். மாணவியின் பயிற்சியாளரும் இத்தகைய தவறைக் கண்டுதான் கீழ்நோக்கி வீசச் சொல்லியிருக்கவேண்டும் என்று ஊகிக்கிறேன். நோயைச் சரியாகக் கண்டார்; மருந்தின் அளவு அதிகமாகிவிட்டது.

இதில் ஒரு வரலாற்றுச் சுவையும் உண்டு. 1961இல், ஓய்வுபெற்ற மறு ஆண்டு, கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் வில்லியம்ஸ் மட்டை பிடித்தார். எதிரே பந்தெறிந்தவர் ஜோன் ஜாய்ஸ் என்ற சாப்ட்பால் வீராங்கனை. அவருடைய பந்துகளை வில்லியம்ஸால் சரிவர அடிக்க முடியவில்லை. 2004இல் ஜென்னி ஃபின்ச் என்ற வீராங்கனை, ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற புகழ்பெற்ற பேஸ்பால் வீரரை இதேபோல் திணறடித்து வெளியேற்றினார். இவர்களுக்கு வேகமோ கண்ணோ குறைவில்லை. ஆனால் எறிபவரின் தோள், மணிக்கட்டு அசைவுகளைக் கண்டு பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே அறியும் பழக்கம், தோளுக்கு மேலிருந்து வரும் பந்துக்காக வளர்ந்தது. கீழ்வழிப் பந்துக்கு அது உதவவில்லை. வாட்டர்பரி அனுபவத்தைப் பற்றி நூலில் ஓர் அத்தியாயம் இருந்திருந்தால், அதுவே நூலின் மிகச் சிறந்த அத்தியாயமாக இருந்திருக்கும்.

உள்ளே வரும் பந்தும் வெளியே வரும் பந்தும்

உயரத்தைப் பார்த்தோம். இனி அகலம். மட்டையாளரின் உடலை ஒட்டி வரும் பந்தை உள்பந்து என்றும், விலகி வருவதை வெளிப்பந்து என்றும் சொல்வோம். உள்பந்தைத் தகட்டுக்கு முன்னாலேயே சந்திக்கவேண்டும். வெளிப்பந்தை உள்ளே வரவிட்டுச் சந்திக்கவேண்டும். இரண்டு சந்திப்பு இடங்களுக்கும் இடையே 40 செ.மீ. என்று கொள்வோம். உள்பந்து அந்த இடத்தை 15 மில்லிநொடி முன்னதாகவே அடைந்துவிடுகிறது. மட்டையோ உள்பந்தைச் சந்திக்க 30 பாகை கூடுதலாகத் திரும்பவேண்டும். சந்திப்பு நேரத்தில் அதன் கோணத் திசைவேகம் நொடிக்குச் சுமார் 40 ரேடியன் என்றால், இதற்கு 13 மில்லிநொடி. ஆக, ஒரே வேகத்தில் வரும் இரண்டு பந்துகளில், உள்பந்துக்கு 28 மில்லிநொடி முன்னதாக வீச்சைத் தொடங்கவேண்டும்.

28 மில்லிநொடி என்ன பெரிய நேரம் என்று தோன்றலாம். மொத்தம் 0.4 நொடி. அதில் வீச்சுக்கு மட்டும் சுமார் 0.15 நொடி போய்விடும். கண்டு, தீர்மானிக்க எஞ்சுவது 0.25 நொடி. அதில் ஒன்பதில் ஒரு பங்கு இந்த 28 மில்லிநொடி. நூறில் ஒரு நொடி தவறினாலே மட்டையின் திசை 23 பாகை மாறிவிடும். பந்து ஆடுகள எல்லையைத் தாண்டிவிடக்கூடும்.

வில்லியம்ஸ் தம் வரைபடத்தில் வெளிமூலைக்குக் குறைந்த எண்ணைத் தந்தாரே தவிர, காரணத்தை இப்படிக் காலக்கணக்காகப் பிரித்துக் காட்டவில்லை. அவருடைய தீர்வு, அந்தப் பந்துகளை இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை விட்டுவிடு என்பதே. அதன் பிறகு மட்டையைச் சற்று மேலே பிடித்து, வீச்சைச் சுருக்கி, பந்து வரும் திசையிலேயே திருப்பியடி என்கிறார். நல்ல அறிவுரைதான். ஆனால் அவர் ஆட்டத்தையே பாருங்கள். 1946இல் கிளீவ்லாந்து அணியின் லூ புத்ரோ, வில்லியம்ஸ் எப்போதும் வலப்புறமே அடிப்பார் என்று கண்டு, தம் ஆட்டக்காரர்களை வலப்பக்கமாகக் குவித்து நிறுத்தினார். இடப்பக்கம் ஏறத்தாழக் காலி! அப்படியும் வில்லியம்ஸ் நெடுங்காலம் தம் வழியை மாற்றிக்கொள்ளத் தயங்கினார். இடத்துக்கேற்ப அடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு, அதைப் பற்றி நூல் எழுதியவரே சான்று.

உடல் என்னும் சங்கிலி

நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இடுப்பைப் பற்றியது. கை வலிமையால் அடிப்பதில்லை, இடுப்பு வழிகாட்டுகிறது என்கிறார். கவணில் கல் எறிந்தவர்களுக்கு இது புரியும். காலும் இடுப்பும் பெரிய தசைகளைக் கொண்டவை, மெதுவாகச் சுழல்பவை. அவை முதலில் திரும்பிப் பின் நிதானிக்கும்போது, கோண உந்தம் நெஞ்சுக்கும், கைக்கும், கடைசியில் மட்டைக்கும் கைமாறுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது. அதனால் கோணத் திசைவேகம் கூடுகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்பினால் சங்கிலி அறுந்துவிடும். உள்பந்துக்குக் கைகளை உடலோடு ஒட்டிவைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். ஆரம் குறைந்தால் விரைவாகத் திரும்பலாம்.

மணிக்கட்டைப் பற்றியும் நூல் சரியாகவே சொல்கிறது. மணிக்கட்டு உருள்வது பந்து பட்ட பிறகுதான்; படும்போது அல்ல. கோடரியால் விறகு பிளப்பவர் வெட்டு விழும் கணத்தில் மணிக்கட்டைத் திருப்புவதில்லை அல்லவா?

பந்து படும் கணத்தில் மட்டையை இறுகப் பிடிக்கவேண்டும் என்று மைதானங்களில் கற்பிக்கிறார்கள். ராபர்ட் அடேர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990இல் பேஸ்பாலின் இயற்பியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இத்தகைய ஐயங்களை அதில் தெளிவாக அலசியிருக்கிறார். பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. மோதலின் அதிர்வு கைக்குப் போய்த் திரும்புமுன் பந்து கிளம்பிவிடுகிறது. பிடி இறுகியிருந்தாலும் தளர்ந்திருந்தாலும் பந்துக்குத் தெரியாது. வீச்சின்போது மட்டை நழுவாதிருக்கத் தேவையான பிடி போதும்.

கனமான மட்டையைவிட இலேசான மட்டையே மேல் என்று வில்லியம்ஸ் வாதாடியதும் அடேரின் கணக்குகளோடு ஒத்துப்போகிறது. தீர்மானிக்கக் கூடுதல் நேரம் தருவது இலேசான மட்டையே. ஆனால் நூல் திண்மையான மரமட்டையைப் பற்றியது. இன்றைய சாப்ட்பால் மட்டைகள் உள்ளீடற்ற அலுமினியமோ கூட்டுப்பொருளோ ஆனவை. அவற்றின் சுவர் மோதலில் சற்று அமுங்கி மீள்கிறது. எடை எவ்வளவு என்பதைவிட, எடை எங்கே பரவியிருக்கிறது என்பதே முக்கியம். இந்தப் பகுதியைப் படிப்பவர் இன்றைய அறிவைக் கொண்டு நிரப்பிக்கொள்ளவேண்டும்.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். 'மட்டையில் படும்வரை பந்தைப் பார்' என்று எல்லாரும் சொல்வார்கள். 1984இல் டெரி பாஹில், டாம் லாரிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவராலும் பந்தைச் சுமார் 1.7 மீட்டர் தொலைவு வரைதான் கண்ணால் தொடர முடிந்தது. அதற்கு மேல் கண் அவ்வளவு விரைவாகத் திரும்ப இயலாது. ஆகவே தொடக்கத்தில் பந்தை நன்றாகப் பார்ப்பதே பயன்தரும்.

முடிவாக

இந்நூலை நான் மதிக்கிறேன். அதன் எண்களுக்காக அல்ல. எண்களைத் தேடிய மனத்துக்காக. அடிப்பது பிறவித் திறமை என்று சொல்லி ஒதுங்காமல், பந்து எங்கே வருகிறது, எந்தக் கோணத்தில் வருகிறது, எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டவர் வில்லியம்ஸ். அந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். விடைகளை உங்கள் ஆட்டத்துக்கும் உங்கள் உடலுக்கும் ஏற்ப நீங்களே கணக்கிடுங்கள். வேத வாக்காகப் படிப்பவருக்கு இந்நூல் தீங்கு செய்யும். ஆய்வுக்கூடக் கையேடாகப் படிப்பவருக்கு நன்மை செய்யும்.

மாணவிக்கு என்ன சொன்னேன் என்று வாசகர்கள் கேட்கலாம். தாழ்ந்த பந்துக்குப் புத்தகம், உயர்ந்த பந்துக்கு ஏறத்தாழப் பயிற்சியாளர் என்றேன். முதலில் முகம் சுளித்தாள். பிறகு 40 கட்டங்களை ஒரு நோட்டில் வரைந்துகொண்டாள். இரண்டு வாரம் தோழி ஒருத்தி பந்தெறிய, ஒவ்வொரு அடியையும் அந்தந்தக் கட்டத்தில் குறித்துவந்தாள். முந்நூறு பந்துகளுக்கு மேல் சேர்ந்தபின் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். வெளிப்பந்துதான் தன் குறை என்று அவள் நினைத்திருந்தாள். நோட்டில் வெறுமையாகக் கிடந்தவை உள்பந்தின் மேல்கட்டங்கள்.

"சார், நான் தாமதமாகத் தொடங்குகிறேன்" என்றாள்.

அந்த நோட்டைப் பயிற்சியாளரிடமும் காட்டச் சொன்னேன். அவர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாராம். மறுநாள் முதல் அணியிலுள்ள அனைவரும் ஆளுக்கொரு நோட்டுடன் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அணித் தேர்வு இனிமேல்தான்.